இரண்டரை அடி

படகுக்கு அடியில் சிலந்தி வலையே இல்லை. ஆர்லன் முதலில் கவனித்தது அதைத்தான்.

கெட்டில் ஏரிக்கரையில் பான்டூன் படகு வைத்திருக்கும் யாருக்கும் இது உறுத்தும். இரண்டு நீண்ட அலுமினியக் குழாய்கள், அவற்றின் மேல் கம்பளம் விரித்த தட்டைத் தளம், அதன் மேல் சோபாக்கள், சுற்றிலும் கம்பித் தடுப்பு. வீட்டுக் கூடத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்ட மாதிரியான படகு. இரண்டு குழாய்களுக்கும் நடுவே, தளத்துக்கு அடியில், நாலடி அகலத்துக்கு ஒரு பொந்து இருக்கும். கோடை முழுக்கச் சிலந்தியும் குளவியும் அங்கே வாடகை கொடுக்காமல் குடித்தனம் நடத்தும். செப்டம்பர் நடுவில் அதற்குள் தலையை நீட்டுகிறவன் முகமெல்லாம் ஒட்டடையோடுதான் வெளியே வருவான்.

ஆர்லன் முகத்தில் ஒரு நூல்கூட ஒட்டவில்லை.

இடுப்பளவுத் தண்ணீரில், ரப்பர் கால்சட்டையோடு, சக்கரம் சுற்றி உயர்த்தும் இரும்புத் தூக்கியில் ஏற்றி நிறுத்தியிருந்த தன் படகின் பின்பக்கம் அவன் குனிந்து நின்றான். பொந்துக்குள் ஈரக்கல்லின் வாசனை வந்தது, நிலவறையைத் திறந்தால் வருமே அது. அதற்கும் கீழே லேசாக ஒரு புளிப்பு, கழுவாமல் மடித்து வைத்த பால் துணியின் புளிப்பு. தளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் வழக்கம்போல மங்கிச் சாம்பல் பூத்திருந்தன, நான்கு இடங்களைத் தவிர. அந்த நான்கு இடங்களிலும் உலோகம் தேய்த்து விளக்கியதுபோல் பளபளத்தது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் அகலம். பொந்தின் மறுமுனையில், குழாய்களுக்கு நடுவே, கரைப்பக்கத்துப் புல் ஒரு பட்டையாக வெயிலில் தெரிந்தது. எப்போதும் தெரிவதுதான். அதைப் பார்த்ததும் மனசு சற்று லேசாயிற்று.

"என்னப்பா, அடியில போய்ப் படுத்துத் தூங்கிட்டியா?" மேலே பலகைத்துறையிலிருந்து டெல்மரின் குரல் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர். எழுபது வயது, கையில் எந்நேரமும் காப்பிக் கோப்பை.

"இங்க ஒரு சிலந்திகூட இல்ல, டெல்மர்."

டெல்மர் கோப்பையை ஊதும் சத்தம் கேட்டது. "குளிர் வந்துடுச்சில்ல," என்றார்.

குளிர் இன்னும் வரவில்லை. ஆனால் ஆர்லன் அதைச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து ஜனங்கள் அப்படித்தான். கூரை பற்றி எரிந்தாலும் "கொஞ்சம் புழுக்கமா இருக்கு" என்பார்கள். காலை உடைத்துக்கொண்டவனிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "மோசமில்ல" என்பான். வடக்கு மினசோட்டாவில் அலட்டிக்கொள்வது திருட்டைவிடக் கேவலம். அதனால் எத்தனை நல்லது நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நடந்த கெடுதி ஒன்று தெரியும், அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆர்லன் அன்றைக்குப் பொருத்த வந்தது ஆழமானியின் கண்ணை. பெட்டியில் ட்ரான்ஸ்டியூசர் என்று போட்டிருக்கும். டெல்மருக்கு அது வாயில் நுழையாது, கண்ணு என்பார். சோப்புக்கட்டி அளவில் ஒரு கறுப்புக் கட்டை. தண்ணீருக்குள் நொடிக்கொரு தரம் சத்தம் அனுப்பி, திரும்பி வருவதைக் கேட்டு, மேலே திரையில் எத்தனை அடி ஆழம் என்று காட்டும். இது டெல்மரின் படகில் இருந்த பழைய கண். போன வாரம் அவரே கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் படகு இந்தக் கோடை முழுக்கத் தூக்கியைவிட்டு இறங்கவில்லை, தார்ப்பாய் போட்டுக் கிடந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "இந்த வருஷம் தோணல," என்றார். கேட்டவனும் அதற்கு மேல் கேட்கவில்லை.

"குழாய்ல மட்டும் துளை போட்டுடாதே," என்றார் இப்போது. "போட்டேன்னா அது படகு இல்ல, சல்லடை."

"எனக்குத் தெரியாதா?"

"பாறை இருக்கிறதும்தான் உனக்குத் தெரிஞ்சிருந்தது."

ஆர்லன் சிரித்துவிட்டான், ஆனால் சுருக்கென்றது. போன வருஷம் ஆகஸ்ட்டில், பன்றிமுதுகு என்று எல்லோரும் சொல்லும் பாறைமேட்டில், ஏரி நடுவில் வெறும் மூன்றடி ஆழமுள்ள இடத்தில், அவன்தான் முழு வேகத்தில் படகை ஏற்றினான். முன் சோபாவில் இருந்த அவன் மனைவி மார்லிஸ் தூக்கியெறியப்பட்டு, முழங்கால் சில்லு மூன்றாகப் போயிற்று. டுலூத்தில் இரண்டு அறுவை சிகிச்சை. குளிர்காலம் முழுக்க அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிப் பயிற்சிக்காரி சொல்லிக்கொடுத்தபடி குதிகாலைத் தரையில் பத்துப் பத்துத் தட்டாகத் தட்டிக்கொண்டிருந்தாள். அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரே ஒரு முறை சொன்னாள்: "அடியில என்ன இருக்குன்னு தெரியாம நான் இனிமே ஏற மாட்டேன், ஆர்லன். இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா வீட்டை வித்துட்டு ரோச்செஸ்டருக்கே போயிடலாம், பொண்ணுகிட்ட." ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பது அவள் கட்சி. தப்பு சொல்ல முடியாது.

அதனால் அவன் சாவகாசமாக, சுத்தமாகச் செய்தான். வலது குழாயின் பின்முனையில் ஏற்கெனவே ஒட்டவைத்திருந்த தகட்டில்தான் துளை போட்டான், குழாயைத் தொடவில்லை. மோட்டாரின் விசிறி கிளப்பும் குமிழ்கள் வந்து மறைக்காத தூரம் பார்த்தான். கண் குழாயின் அடிவிளிம்பைவிட ஒரு விரல் கீழே, நேராகத் தரையைப் பார்க்க வைத்தான். கல்லில் இடித்தால் உடையாமல் மடங்கிக்கொள்ளக் கீல் இருந்தது. ஒயரைத் தளத்துக்கு அடியில் கிளிப் போட்டுக் கொண்டுபோகும்போது கை ஒரு பளபளத்த இடத்தில் பட்டது. வழுவழுவென்று இருந்தது. கையை எடுத்துத் தண்ணீரில் கழுவிக்கொண்டான்.

"சாயங்காலத்துக்குள்ள வந்துடு," என்றார் டெல்மர் போகும்போது. பிறகு திரும்பி நின்று, "மெஷின் எப்படிக் காட்டுதுன்னு எனக்குச் சொல்லு. என்ன காட்டினாலும் சொல்லு," என்றார்.

மார்லிஸ் ஐந்து மணிக்கு ஏறினாள். நீல ஸ்வெட்டர், பிளாஸ்க்கில் காப்பி, டப்பாவில் முட்டை சாண்ட்விச். முன் சோபா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை; நேரே போய்ப் பின் சோபாவில், மோட்டாருக்கு முன்னால் உட்கார்ந்தாள். படகு தூக்கியில் இருந்தபடியே ஆர்லன் அவளை ஏற்றினான். படகு மேலே துறை மட்டத்துக்கு இருக்கும்போது அவள் நேராக நடந்து உள்ளே போய்விடலாம். பிறகு தூக்கியின் சக்கரத்தைச் சுற்றித் தண்ணீரில் இறக்கலாம். இலையுதிர் காலத்தில் ஏரி வற்றி, தண்ணீரில் நிற்கும் படகிலிருந்து துறைக்கு இரண்டடிக்கு மேல் ஏற வேண்டியிருந்தது. அந்த முழங்காலால் அது ஆகாது. சக்கரத்தின் கொக்கிதான் தேய்ந்துபோய் இருந்தது. முழுக்க ஏற்றினால் பூட்டிக்கொள்ளும், பாதியில் கையை எடுத்தால் வழுக்கிக்கொண்டு சுழலும். கண்ணைப் பொருத்திவிட்டு அதைப் பார்க்கலாம் என்று இருந்தான்.

கோடைக்காரர்கள் எல்லோரும் ஊர் திரும்பியிருந்தார்கள். ஏரி எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது.

"எவ்வளவு ஆழம்?" என்றாள் பின்னாலிருந்து.

"பன்னண்டு."

"இப்ப?"

"பதினெட்டு. நீ என்ன, டாக்ஸி மீட்டர் பாக்கிறியா?"

"நான் காசு கொடுக்கலயே, கேட்டுட்டாவது இருக்கேன்." அவள் குரலில் சிரிப்பு இருந்தது. ஒரு வருஷமாக அவன் கேட்காத சிரிப்பு. அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

முப்பத்தோர் அடியில் அந்தக் கோடு வந்தது.

திரையின் அடியில் ஏரித்தரை தடித்த பட்டையாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, இருபத்தோர் அடியில், மெல்லிய நேர்க்கோடு ஒன்று. இந்த மாதிரி திரை பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரியும், அது இடத்தைக் காட்டும் படமில்லை, நேரத்தைக் காட்டும் படம். கீழே கடந்து போகிற மீன் புருவம் மாதிரி ஒரு வளைவு போட்டுவிட்டு மறைந்துவிடும். கீழேயே நிற்கிறதுதான் நேர்க்கோடு போடும். படகு நிற்கும்போது நேர்க்கோடு வந்தால் சோம்பேறி மீன். படகு ஓடும்போது நேர்க்கோடு வந்தால் அதே வேகத்தில் ஏதோ கூடவே வருகிறது என்று அர்த்தம்.

மோட்டாரின் குறுக்கீடு என்று நினைத்துக்கொண்டான். ஒயரை மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டியிருப்போம். மோட்டாரை நிறுத்தினான். படகு தானாகக் கொஞ்ச தூரம் சறுக்கியது. கோடு இருந்தது. மறுபடி கிளப்பி வேகம் கூட்டினான். கோடு இருந்தது. இடதுபக்கம் ஒடித்துத் திருப்பினான். மார்லிஸ் "மெதுவா" என்றாள். கோடு இருந்தது, ஆனால் இப்போது பதினான்கு அடியில்.

திரையை, அவள் பார்வைக்குப் படாதபடி, தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான்.

"எவ்வளவு?"

"முப்பது." அது பொய்யில்லை. தரை முப்பதடியில்தான் இருந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மெஷின் பழசு. டெல்மர் கழற்றிப் போட்டது. பழசைச் சோதிக்க அதைவிடப் பழசு ஒன்று அவனிடம் இருந்தது: பெட்டிக்குள் கிடந்த ஈயக்குண்டு, அடிக்கொரு முடிச்சுப் போட்ட கயிற்றில். மோட்டாரை அணைத்துவிட்டு அதை எடுத்தான்.

"என்ன செய்யிறே?"

"மெஷின் சரியாச் சொல்லுதான்னு பாக்கிறேன்."

"நல்லது," என்றாள். டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

கம்பித் தடுப்புக்கு வெளியே கையை நீட்டிக் கயிற்றை விட்டான். ஒன்று, இரண்டு, மூன்று. முடிச்சுகள் விரலிடுக்கில் நழுவிப் போயின. தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. குண்டு நாலடியில் மறைந்துவிட்டது. ஏழு. எட்டு. ஒன்பது. கயிறு தொய்ந்தது.

திரையைத் திரும்பிப் பார்த்தான். தரை முப்பது. கோடு ஒன்பது.

மெல்ல இழுத்தான். வரவில்லை. சிக்கிய கயிறு சட்டென்று விறைக்கும், இது விறைக்கவில்லை. கொஞ்சம் கொடுத்தது, பிறகு நின்றது. குழந்தையின் கையிலிருந்து பொம்மையை வாங்கும்போது அப்படித்தான் இருக்கும். இன்னொரு முறை இழுத்தான். அப்போது கயிறு வந்தது. அவன் இழுப்பதைவிட வேகமாக வந்தது. தொய்ந்து, வளையம் வளையமாகத் தண்ணீர்மேல் மிதந்து, கடைசியில் குண்டும் வந்தது, கீழேயிருந்து யாரோ ஏந்திக் கொடுத்தது மாதிரி. கையில் எடுத்தான்.

ஏரித் தண்ணீர் கை விறைக்கும் குளிர். குண்டு சூடாக இருந்தது.

அதைச் சத்தமில்லாமல் பெட்டியில் வைத்து மூடினான். இப்போது சொல்லியிருக்கலாம். மார்லிஸ், கீழே ஏதோ இருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் இனி ஒருநாளும் ஏற மாட்டாள், வீடு போய்விடும், இந்த ஒரு சாயங்காலமும் கெட்டுவிடும். "மெஷின் சரிதான்," என்றான்.

"மோசமில்ல," என்றாள் அவள், வாயில் சாண்ட்விச்சோடு.

பிறகுதான் அவனுக்குப் பன்றிமுதுகு நினைவு வந்தது. ஒன்பதடிக்குக் கீழே வருகிற எதுவும் மூன்றடி மேட்டைத் தாண்ட முடியாது. முட்டிக்கொண்டு நிற்கும், இல்லை சுற்றிக்கொண்டு போகும். போன வருஷம் அவர்களை வீழ்த்திய பாறையே இந்த வருஷம் காப்பாற்றட்டும். அவன் படகைத் திருப்பினான். சூரியன் எதிர்க்கரைப் பைன் மரங்களுக்குள் பாதி இறங்கியிருந்தது.

"ஆர்லன். அது அந்தப் பாறை இல்ல?"

"அதேதான். மெதுவாப் போறேன். எத்தனை அடின்னு நான் சொல்லிட்டே வரேன், நீ கேட்டுட்டே வா. பயம் போயிடும்."

பின்னால் சோபாவின் ரெக்சின் முனகியது, இறுக்கிப் பிடித்திருப்பாள்.

"இருபது," என்றான். "பதினாலு. பத்து." தரை திரையில் மேலேறி வந்தது. "ஏழு. அஞ்சு." அதற்குள் தரைப்பட்டை கோட்டை முட்டியிருந்தது. இரண்டும் ஒன்றாயின. கோடு இல்லை. "நாலு. மூணு." பாறையின் மஞ்சள் முதுகு பக்கத்தில் தெளிவாகத் தெரிந்தது. பின்னால், வலது மூலையில், டொக்கென்று ஒரு இடி. மார்லிஸ் மூச்சை இழுத்தாள்.

"கண்ணு கல்லுல இடிச்சிடுச்சு. ஒண்ணுமில்ல, மடங்கிக்கும்."

தாண்டிவிட்டார்கள். அவன் திரும்பி நீரைப் பார்த்தான். வெறும் நீர். உடம்பெல்லாம் வியர்த்து, ஸ்வெட்டர் முதுகில் ஒட்டியிருந்தது. திரையில் கோடும் இல்லை, தரையும் இல்லை. ஒரு எண் மட்டும் இருந்தது. 2.5. கண் மடங்கிக் குருடாகிவிட்டது, போகட்டும். காலையில் சரிசெய்துகொள்ளலாம்.

"வீட்டுக்குப் போலாமா?" என்றாள்.

"போலாம்."

கொஞ்ச தூரம் வந்ததும் அவள் குதிகால் தட்டும் சத்தம் கேட்டது. தட், தட், தட். பத்து. கொஞ்சம் இடைவெளி. மறுபடி பத்து. பயிற்சி செய்கிறாள். படகில் உட்கார்ந்து பயமில்லாமல் பயிற்சி செய்கிறாள். இடைவெளியிலும் ஏதோ தட்டுவது போலிருந்தது, அது அலை. ஏரியில் அலை இல்லை. மோட்டார் அதிர்வாக இருக்கும்.

திரை அணையவில்லை. 2.5.

குருட்டுக் கண் எண் காட்டாது. எண்ணுக்குப் பதில் சின்னச் சின்ன இடைக்கோடுகளைத்தான் காட்டும். இது அவனுக்கு எப்போதோ தெரியும், இப்போதுதான் உறைத்தது. கண் குருடாகவில்லை. இடித்ததில் திரும்பியிருக்கிறது. கீழே பார்க்கவில்லை. பக்கவாட்டில் பார்க்கிறது. வெளிப்பக்கம் பார்த்தால் நூறு அடி வெறும் நீர். அப்படியென்றால் உள்பக்கம். வலது குழாயிலிருந்து உள்நோக்கி இரண்டரை அடி.

பொந்தின் நடு.

பின் சோபாவுக்கு நேர் கீழே.

பின்னால் தட்டு தொடர்ந்தது. எட்டு, ஒன்பது, பத்து. இடைவெளி. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அவன் முகத்தை அவள் பார்த்துவிடுவாள். கரை வந்துகொண்டிருந்தது, அதை மட்டும் பார்த்தான். கரை போதும். தூக்கியில் ஏற்றிவிட்டால் தண்ணீர் கீழே போய்விடும். தண்ணீரில் இருப்பது தண்ணீரில் விழுந்துவிடும். மார்லிஸ் நேராக நடந்து துறைக்கு வந்துவிடுவாள். நாற்பது சுற்று. வழக்கமாக நாற்பது சுற்று.

படகைத் தூக்கிக்குள் நுழைத்து, மோட்டாரை அணைத்து, துறையில் ஏறி, முன்மூலையில் இருந்த சக்கரத்துக்கு ஓடாமல் நடந்தான். மோட்டார் நின்றதும் எல்லாம் கேட்டது. அவளுடைய பத்து. பிறகு, கொஞ்சம் அமுங்கிய, ஈரமான பத்து.

சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினான். கனத்தது. இரண்டு கையாலும் தொங்க வேண்டியிருந்தது. ஐந்து. பத்து. தோள்பட்டை இற்றுவிடும்போல் இருந்தது. குழாய்கள் தண்ணீரைவிட்டு ஏறின, ஓரங்களிலிருந்து நீர் சொட்டியது. இருபது சுற்று. முழுப்படகும் வெளியே. ஒன்றும் விழுந்த சத்தம் இல்லை.

பக்கத்துத் துறையில் டெல்மர் நின்றுகொண்டிருந்தார். கையில் கோப்பை இல்லை.

"ஆர்லன்," என்றார். உரக்கக்கூடச் சொல்லவில்லை. "போன வருஷம் எனக்கும் ஒரு கோடு கூடவே வந்துச்சு, மெஷின்தான் தப்புன்னு நினைச்சேன். உன் படகுல வேற மாதிரி காட்டும்னு நினைச்சேன்."

ஆர்லன் அவரைப் பார்க்கவில்லை. குனிந்து பார்த்தான். சக்கரத்தடியிலிருந்து குனிந்தால் குழாய்களுக்கு நடுவே எதிர்க்கரை வரை தெரியும், பட்டையாக வெளிச்சம் இருக்கும். அந்தி வானம் இன்னும் சிவந்துதான் இருந்தது.

வெளிச்சம் இல்லை. பொந்து அடைத்திருந்தது.

"ஆர்லன்." மார்லிஸின் குரல். சாதாரணக் குரல், உப்பு எடுத்துக் கொடு என்கிற குரல். "நான் ஒண்ணு சொல்றேன். பதறாதே."

"சொல்லு."

"பாறையத் தாண்டினதுல இருந்து என் காலுக்குக் கீழ பதிலுக்குத் தட்டுது."

சக்கரம் கையில் நழுவப் பார்த்தது. மார்பை வைத்து அழுத்திக்கொண்டான். "ஏன் சொல்லல?"

"நீ சந்தோஷமா இருந்தே."

அவனுக்கு அழுகை வந்தது. "எழுந்து வா, மார்லிஸ். கொஞ்சம்தான் உயரம். வந்துடு."

"முடியாது. நான் தட்டுறத நிறுத்தினா அது நகருது. ரெண்டு தடவ நிறுத்திப் பாத்தேன்." அவள் குதிகால் தட்டிக்கொண்டேதான் இருந்தது. முக்கால் மணி நேரமாக. அந்த முழங்காலோடு. "வலிக்குது, ஆர்லன்."

அவன் கையை விட்டால் படகு விழும், அவளோடு. விடாமல் நின்றால் அவளை எட்ட முடியாது. "டெல்மர்," என்றான். "டெல்மர், வாங்க. சக்கரத்தப் பிடிங்க." பக்கத்துத் துறைப் பலகையில் காலடிச் சத்தம் எழுந்தது. அது தூரமாகப் போனது.

இன்னும் இருபது சுற்று. சுற்றினான். ஒன்று. இரண்டு.

தட். தட். தட். நாலு. அஞ்சு. அவள் இப்போது வாய்விட்டு எண்ணினாள். ஆறு. ஏழு.

நின்றது.

"கால் வரல," என்றாள்.

தளத்துக்கு அடியிலிருந்து தட்டு வந்தது. எட்டு. ஒன்பது. பத்து.

பிறகு அமைதி. மேலே, படகுத் தளத்தில், எங்கோ பலகை ஒருமுறை முனகியது. ஆர்லன் குனிந்தபடியே இருந்தான். குழாய்களுக்கு நடுவே, மெல்ல, திரை விலகுவதுபோல, வெளிச்சம் வந்தது. சிவப்பு வானம். எதிர்க்கரைப் பைன் மரங்கள். தெளிந்த, வெறுமையான பட்டை. போய்விட்டது, பொந்துக்குள் ஒன்றுமில்லை.

அவன் சக்கரத்தைச் சுற்றினான்.

கனம் குறையவில்லை.